ஜனாஸா அறிவிக்கும் மோதினார்

எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினார் மெலிந்த மனிதர். ஊரில் யாராவது இறந்து ஜனாஸா அறிவிக்குமுன் ஒலிவாங்கியை மூன்று முறை தட்டுவார். அந்த அறிவித்தல்களை இறந்த காரணத்தோடு எண்ணிக் குறித்து வைப்பவன் நான். மாரடைப்பு மரணங்கள் ஆண்டுக்காண்டு குறைவது ஏன் என்று ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் அவரிடம் கேட்டேன்.

“முந்தி நெஞ்சு வலிச்சா வாயு எண்டு உள்ளியத் திண்டுட்டுப் படுத்தாங்க. இப்ப உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுறாங்க. பிரசருக்குக் குளிசை போடுறாங்க, சிகரட்டும் குறைஞ்சிட்டு.”

“எனக்கும் காலையில இருந்து வாயுதான். ஏழு பல் உள்ளி திண்டன்.”

“எழும்புங்க சேர். உங்கட பேரை மைக்கில வாசிக்க என்னால ஏலா.”

ஆட்டோவில் என்னை ஏற்றி அவரும் ஏறினார். ஆஸ்பத்திரியில் இதய இரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். ஒரு பாங்கையும் தவறவிடாதவர் அன்று மாலை மஃரிப் தொழுகை நேரத்தில் என் கட்டிலருகே நின்றார். பள்ளியில் பாங்கு சொன்னது யாரென்று நான் இன்னும் கேட்கவில்லை.