துணைக் கேள்வி

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன என்று டாக்டர் சொன்ன நாளில் நாங்கள் இருவருமே அழவில்லை. அவர் சொன்னதன் அர்த்தம் எங்களுக்கு விளங்கியிருக்கவில்லை. டயாலிசிஸுக்காக வாரத்தில் மூன்று நாள் சேலத்துக்குப் போய்வர ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது.

அவர் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆம்பிளைகள் பலரையும் போல அவரும் வருஷத்தில் பாதிக்கு மேல் மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று வண்டியோடே இருப்பார். வெயிலிலும் கல்தூசியிலும் வேலை. நேரத்துக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. முதுகு வலித்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். இதில் எது காரணம் என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. கால் இரண்டும் வீங்கிப்போய் ஊர் திரும்பினார். அதோடு வண்டிக்குப் போவது நின்றது. ஒரு தனியார் பள்ளியில் நான் தமிழ் டீச்சர். அதன்பிறகு வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவருக்கு உடம்பில் ஒன்றும் இருக்காது. காலில் நரம்பு சுண்டி இழுக்கும். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர்ப் பக்கம் போகும் வண்டியில் இடம் கிடைக்கும்வரை தூணில் சாய்ந்து நிற்பார். இடம் கேட்டால் தருவார்கள். ஆனால் அவர் கேட்க விடமாட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தார், நல்ல உயரம், அகலமான தோள். உட்கார்ந்திருப்பவரை எழுப்பி இந்த ஆளுக்கு இடம் கொடுங்கள் என்று சொல்ல எனக்கும் கூச்சமாக இருக்கும்.

இத்தனைக்கும் எங்கள் பக்கத்து டவுன் அரசு மருத்துவமனையிலேயே டயாலிசிஸ் இயந்திரங்கள் இருந்தன. ரிப்பன் வெட்டித் திறந்து வைத்ததை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதலில் அங்கேதான் போனோம். நர்ஸ் ஒருவர் எங்களைக் கூட்டிப் போய் அந்த அறையைத் திறந்து காட்டினார். இயந்திரங்கள் பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாக நின்றன. கட்டில்களில் புது மெத்தை. உறை பிரித்த புது வாசம்கூடப் போகவில்லை.

"மெசின் எல்லாம் இருக்குதுங்க டீச்சர்," என்றார் அந்த நர்ஸ். "ஓட்டறதுக்குத்தான் டெக்னீசியன் போடலீங்க. அதுக்கு வேண்டிய தண்ணியச் சுத்தம் பண்ற பிளாண்டும் வரலீங்க."

அவர் குரலில் எங்களைவிட அதிக வருத்தம் இருந்தது. அவரிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. வேறு யாரிடம் கோபித்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.

அந்த வருஷம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குத் தொகுதி எம்.எல்.ஏ. சிறப்பு விருந்தினராக வந்தார். மேடையில் மைக் பிடித்து நிகழ்ச்சியை நடத்தியது நான். விழா முடிந்து ஆபீஸ் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் போய், ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அதை இன்றும் நான் மறக்கவில்லை. அந்த மருத்துவமனைக்கு டெக்னீசியன் பணியிடம் அனுமதி ஆகியிருக்கிறதா, எத்தனை பேர் எங்களைப் போல சேலத்துக்குப் போகிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார். உதவியாளரைக் கூப்பிட்டுக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

"சட்டமன்றத்துல கேட்டர்றேனுங்க டீச்சர்," என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கணவர் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

கேள்வியை எழுதிக் கொடுத்தால் அது அவையில் வர எவ்வளவு நாளாகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாதங்கள் போயின. ஒரு கூட்டத்தொடர் வந்தது, முடிந்தது. அந்தக் காலத்தில் என் கணவர் கையில் டயாலிசிஸ் ஊசி போடும் நரம்பு ஒருமுறை அடைத்துக்கொண்டு, மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. நானும் அந்த எம்.எல்.ஏ. சொன்னதை மறந்துவிடலாம் என்றிருந்தபோது உதவியாளர் போன் செய்தார். கேள்வி பட்டியலில் வந்துவிட்டது, அடுத்த வாரம் அமைச்சர் பதில் சொல்கிறார், நேரில் பார்க்க வருவதானால் அனுமதிச் சீட்டு வாங்கித் தருகிறேன் என்றார்.

அது டயாலிசிஸ் இல்லாத நாள். நான் தயங்கினேன். கணவர்தான் வற்புறுத்தினார். கேள்வி நேரத்தைப் போனில் நேரலையாகக் காட்டுவார்கள், நான் ஊட்டிலிருந்தே பார்த்துக்கிறேன் என்றார்.

"நீ போயிட்டு வா அம்மிணி. நம்ம பேச்சு அங்க எப்படி எடுபடுதுன்னு பார்த்துட்டு வா."

முதல் நாளே ரயிலேறிச் சென்னை போய்ச் சேர்ந்தேன். காலையில் கோட்டையில் ஒவ்வொரு வாசலாகச் சோதித்து உள்ளே விட்டார்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்ததும் ஒரு பெண் காவலர் வந்து, பேசக் கூடாது, கை தட்டக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். வகுப்பில் நான் சொல்வது போலவே இருந்தது. கீழே அவை சின்னதாகத் தெரிந்தது. டிவியில் பார்க்கும்போது பெரிதாகத் தெரியும்.

முதல் கேள்வியே நீண்டுகொண்டு போனது. வேறு ஒரு மாவட்டத்தில் பஸ் ஸ்டாண்டு கட்டுவது பற்றி. ஒவ்வொருவராக எழுந்து தங்கள் தங்கள் ஊருக்கும் ஒன்று கேட்டார்கள். எங்கள் கேள்வி வருவதற்குள் நேரம் முடிந்துவிடுமோ என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் வந்தது. பேரவைத் தலைவர் வினா எண்ணைச் சொன்னார். இந்த மருத்துவமனையில் ரத்த சுத்திகரிப்பு வசதி ஏற்படுத்த அரசு ஆவன செய்யுமா என்பது கேள்வி.

அமைச்சர் எழுந்தார்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, உறுப்பினர் குறிப்பிடுகின்ற மருத்துவமனையில் ரத்த சுத்திகரிப்பு இயந்திரங்கள் ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளன."

உட்கார்ந்துவிட்டார். மேசைகளைத் தட்டினார்கள்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இயந்திரங்கள் வழங்கப்பட்டுத்தான் இருந்தன. பத்தாம் வகுப்புக்கு நான் வருஷா வருஷம் எட்டு வகை விடைகளை நடத்துகிறவள். சமைக்கத் தெரியுமா என்றால் கோலம் போடத் தெரியும் என்பது இனமொழி விடை. அப்படிச் சொல்லித்தான் பிள்ளைகளுக்குப் புரிய வைப்பேன், அவர்கள் சிரிப்பார்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதில் வந்த பிறகு உறுப்பினர் கேட்கிற துணைக் கேள்வி ஒன்று உண்டு, அதில் நம் ஆள் டெக்னீசியனைப் பற்றிக் கேட்பார், அப்போது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நாற்காலி விளிம்புக்கு வந்து உட்கார்ந்தேன்.

எம்.எல்.ஏ. எழுந்தார். தனக்கு வாய்ப்பளித்தவர்களுக்கு நன்றி சொன்னார். தன்னை இந்த அவைக்கு அனுப்பிய தலைவருக்கும் தொகுதி மக்களுக்கும் நன்றி சொன்னார். நன்றி நீண்டுகொண்டே போனதால் பேரவைத் தலைவர், கேள்விக்கு வாங்க என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் அவசரமாகக் கேள்விக்கு வந்தார். இயந்திரங்கள் இருந்தும் இயக்க ஆளில்லை, தண்ணீர் பிளாண்ட் இல்லை, நோயாளிகள் சேலம் வரை போய்வருகிறார்கள் என்றார். நான் ஆபீஸ் அறையில் சொன்ன அதே வார்த்தைகள். அங்கே நிறுத்தியிருந்தால் போதும். ஆனால் அவர் கையில் வேறு மனுக்களும் இருந்திருக்கும். அந்த மருத்துவமனைக்குச் சுற்றுச்சுவர் இல்லாமல் ஆடு மாடு உள்ளே வருகிறது, சுவர் கட்டித் தர வேண்டும். பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தரம் உயர்த்த வேண்டும் என்று ஒரே மூச்சில் மூன்றையும் கேட்டு முடித்தார்.

அமைச்சர் மறுபடி எழுந்தார். ஒரு சுகாதார நிலையத்தைத் தரம் உயர்த்த மக்கள் தொகை எவ்வளவு இருக்க வேண்டும், தூரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று விளக்கினார். கடைசியாக, "சுற்றுச்சுவர் கட்ட இந்த ஆண்டே நடவடிக்கை எடுக்கப்படும்," என்றார்.

எம்.எல்.ஏ. கைகூப்பி நன்றி சொல்லி உட்கார்ந்தார். அதற்குள் வேறு உறுப்பினர்கள் கையை உயர்த்திவிட்டார்கள். என்ன செய்கிறேன் என்று தெரியாமல் நான் பாதி எழுந்துவிட்டேன். பெண் காவலர் என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே அமர்த்திக் காட்டினார். அதட்டவில்லை. உட்கார்ந்தேன். கீழே அடுத்த வினா எண்ணைச் சொன்னார்கள்.

வெளியே வந்த பிறகு எம்.எல்.ஏ.வைத் தாழ்வாரத்தில் பார்த்தேன். அவரைச் சுற்றிக் கூட்டம். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நல்லது செய்துவிட்ட மனிதரின் முகம் அது. அதைப் பார்த்த பிறகு பேசுவது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"டெக்னீசியனப் பத்தி அமைச்சர் ஒண்ணுமே சொல்லலீங்களே," என்றேன்.

அவர் ஒரு நொடி யோசித்தார். அதை அவர் கவனித்திருக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

"கேட்டது பதிவுல ஏறிருச்சுங்க டீச்சர். ஆபீசர்ககிட்ட நான் பேசறேன்," என்றார். பிறகு வேறு யாரோ அவர் தோளைத் தொட்டார்கள்.

வீடு திரும்பியபோது கணவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எல்லாம் பார்த்திருந்தார். நல்லாத்தான் கேட்டாரு, நீ சோறு தின்னியா என்று மட்டும் கேட்டார். அவர் ஏமாந்துபோனதை என்னிடம் காட்டாமல் இருக்கப் பார்க்கிறார் என்பது தெரிந்தது. தெரிந்ததை நானும் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாக, எங்கள் டவுன் மருத்துவமனையில் டயாலிசிஸ் வசதி இருப்பதாக அமைச்சர் தெரிவித்த செய்தி வந்தது. அதைப் படித்தவர்கள் வழியில் நிறுத்தி எங்களிடம் சந்தோஷப்பட்டார்கள். இனி சேலம் அலைய வேண்டாம் என்றார்கள். இல்லை, ஆளில்லை என்று நான் விளக்குவேன். அமைச்சரே சொல்லிவிட்டாரே என்பார்கள். கொஞ்ச நாளில் விளக்குவதை விட்டுவிட்டேன். கணவரின் பெரியம்மா மகன் ஒருவர் வீட்டுக்கு வந்து, இங்கே பக்கத்திலேயே வசதி இருக்கும்போது ஏன் பிடிவாதமாகச் சேலம் போகிறீர்கள், இந்த ஆஸ்பத்திரி உங்களுக்கு ஆகாதா என்று கேட்டார். கணவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன்.

நடுவில் ஒருநாள் அதிகாரிகள் வந்து உறைகளை எடுக்கச் சொல்லி இயந்திரங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனதாக அந்த நர்ஸ் சொன்னார். போன பிறகு மறுபடி உறை போட்டுவிட்டார்களாம். எம்.எல்.ஏ.வின் உதவியாளருக்கு நான் போன் செய்தால் எடுப்பார், மரியாதையாகப் பேசுவார், பைல் மேலே போயிருக்கிறது என்பார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

மழைக்காலம் வருவதற்குள் சுற்றுச்சுவர் வந்துவிட்டது. நல்ல உயரம், மஞ்சள் பெயின்ட், இரும்பு கேட். பஸ்ஸில் சேலத்துக்குப் போகும்போது அந்த வழியாகத்தான் போவோம். கணவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அதைப் பார்ப்பார். நான் கேட்டுக் கொடுத்த சுவர் என்று ஒருமுறை விளையாட்டாகச் சொன்னேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த கோடையில் அவரால் அந்தப் பஸ் பயணத்தைத் தாங்க முடியாமல் போயிற்று. ஒருநாள் திரும்பும் வழியில் மயங்கி விழுந்தார். டாக்டர், பக்கத்திலேயே குடிவந்துவிடுங்கள் என்றார். வீட்டில் இருந்த ஒரே எருமையை விற்றோம், வீட்டைப் பூட்டினோம். சேலத்தில் மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்கினோம். நான் பள்ளி வேலையை விட்டுவிட்டு ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். அவர் முன்னைவிட இளைத்துவிட்டார், ஆனால் இருக்கிறார். ஊருக்கு எப்போது போகலாம் என்று ஆரம்பத்தில் கேட்பார். இப்போது கேட்பதில்லை.

போன மாதம் டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தம்மம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். என் கணவருக்கு வந்து ஓரிரு மாதம் கழித்து அவள் அண்ணனுக்கும் இதே நோய் வந்ததாம். விடிவதற்கு முன்னால் கிளம்பி ஆத்தூர் வந்து, வேறு பஸ் மாறி வருகிறார்கள். அவர்கள் பக்கத்து எம்.எல்.ஏ. இதைச் சட்டமன்றத்தில் கேட்பதாகச் சொல்லியிருக்கிறாராம். அன்றைக்கு அவளையும் அவைக்கு வந்து பார்க்கச் சொன்னாராம். நான் போய்வந்தது யாரோ சொல்லி அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நாங்களும் போகலாமா அக்கா? போனா ஏதாவது நடக்குமா?" என்று கேட்டாள்.

அவள் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடக்கும் என்றும் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கச் சொல், கூட எதையும் சேர்க்க வேண்டாமென்று சொல் என்றேன். அவள் தலையாட்டினாள். ஆனால் அவள் அதைப் போய் ஒரு எம்.எல்.ஏ.விடம் எப்படிச் சொல்வாள்?

பிறகு, சட்டமன்றத்துக்கு உள்ளே செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டாள். வேண்டியதில்லை, போனை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றேன்.