மஞ்சள் துணி கட்டிய சேவல்

சேவலைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதன் தொடையைத்தான் பார்த்தார்கள். கொண்டையைப் பார்க்கவில்லை, வாலைப் பார்க்கவில்லை. நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று என்னைப் புகழும்போதே அவர்கள் வாயில் எச்சில் ஊறுவது எனக்குத் தெரிந்தது.

தாராவியில் எங்கள் ரூமுக்குப் பின்னால் நாலடிச் சந்து ஒன்று உண்டு. ஒரு தண்ணீர் டிரம், ஓடாத ஒரு சைக்கிள், மிஞ்சிய இடம் முழுக்க அவனுக்கு. ஒரு வேலையும் செய்யாமல், வேளை தவறாமல் சாப்பிட்டுக்கொண்டு, விடிவதற்கு முன்பே வீட்டில் உள்ளவர்களை அதட்டி எழுப்புகிறவனை வேறு என்னவென்று கூப்பிடுவது? மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டேன். என் சொந்த மருமகனுக்கு அதில் வருத்தம் உண்டு. சேவலுக்கு இல்லை.

அப்படி மூன்று வருஷம் இருந்தான். பிறகு ரூமை இடித்துக் கட்டுவது என்று முடிவாகி, மகன் செம்பூரில் ஐந்தாவது மாடியில் வாடகைக்கு வீடு பார்த்தான். நாய் உண்டா, பூனை உண்டா என்று அந்தக் கட்டடத்துச் சொசைட்டிக்காரர் கேட்டிருக்கிறார். கோழி உண்டா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. என் பிள்ளை தானாகவே போய், எங்களிடம் ஒரு முர்கா இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தான். இவ்வளவு உண்மை பேசுகிறவனை நான் எப்படிப் பெற்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை. முர்காவுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்து நாளில் வீடு மாற வேண்டும், அதற்குள் அவனை யாரிடமாவது கொடுக்க வேண்டும்.

அந்தப் பத்து நாளும் வாசலில் ஆள் வந்துகொண்டே இருந்தது. தேவ்நாரில் இருந்து ஒருவர் வந்தார். வீட்டில் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், விளையாடுவார்கள் என்றார். சரி என்று மனம் இளகும் நேரத்தில், எத்தனை வயசு ஆகிறது என்று கேட்டார். வளர்ப்பவனுக்கு வயசு எதற்கு? எத்தனை விசில் விடவேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். சேவலுக்குச் சீக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் மகனே ஆரம்பித்தான். "எம்மா, எவனோ திங்கதுக்கு..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, மிச்சத்தைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினான். அதற்குப் பிறகு பாத்திரம் கழுவும் மோரியில் யாராவது கத்தியைக் கழுவினாலே நான் பின்பக்கம் போய் எட்டிப்பார்த்துவிட்டு வருவேன்.

கடைசியில் விக்ரோலியில் இருக்கும் என் நாத்தனாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை இருக்கிறது, நாலு பெட்டைக்கோழிகள் இருக்கின்றன. நல்ல மனசுக்காரி. ஆனால் அவளுக்கு மூன்று பையன்கள். மூவரும் கறி இல்லாவிட்டால் சோற்றைத் தட்டோடு தள்ளிவைப்பவர்கள். அவளை நம்பலாம், அவள் வீட்டுப் பந்தியை நம்ப முடியுமா?

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் சுடலைமாடனுக்கு ஒரு சேவலை நேர்ந்துவிட்டால் அதன் காலில் மஞ்சள் துணி கட்டிவிடுவோம். அதன்பின் அது சாமி சொத்து. மாடனுக்குக் கொடைத் திருவிழா வந்து பலி கொடுக்கும்வரை அதை யாரும் விரட்டமாட்டார்கள், கல்லெடுத்து எறியமாட்டார்கள். வீட்டுக் குழம்புக்கு அறுப்பது என்ற பேச்சே கிடையாது. அறுத்தவன் ரத்தம் கக்குவான் என்பார்கள். கக்கியவன் எவனையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அறுத்துப் பார்க்கத் துணிந்தவனையும் பார்த்ததில்லை.

பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, மஞ்சள் தண்ணீரில் முக்கி, அவன் காலில் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்ததும் முகத்தைக் கொஞ்சம் பக்தியாக வைத்துக்கொண்டு சொன்னேன். பேத்திக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, அப்போது மாடனுக்கு நேர்ந்தது; ஊரில் கொடை வரும்போது நானே வந்து வாங்கிக்கொண்டு போவேன். காய்ச்சல் உண்மை. நேர்ந்தது பொய். நான் ஊருக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது, சேவலோடு என்னை எந்த ரயிலிலும் ஏற்றப்போவதில்லை. மாடன் திருநெல்வேலிப் பக்கம், சேவல் விக்ரோலியில். நடுவில் இரண்டு நாள் ரயில் தூரம். அதைவிட நல்ல பூட்டு எந்தக் கடையில் கிடைக்கும் என்று எனக்குப் பெருமை வேறு.

நாத்தனார் அந்த மஞ்சள் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூடையில் வைத்துப் பழைய சேலையால் மூடியபோது அவன் இடுக்கு வழியாக ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான். போய்ச் சேர்ந்ததும் போன் போடு மாப்பிள்ளை என்று சொல்லிச் சிரித்தேன். பிறகு மோரிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன், சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று.

செம்பூர் வீட்டில் இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நாத்தனார் போன் செய்தாள். குரலிலேயே பண்டிகை தெரிந்தது.

"மைனி, இன்னைக்கு நம்ம கோயில்ல கொட. ஒங்க நேர்த்தியையும் சேத்து முடிச்சிருதோம். நீங்க இனிம ஊருக்கு அலையாண்டாம்."

"எந்தக் கோயில்ளா?"

"மாடசாமிக்குத்தான். ஊர்ல இருந்து பிடிமண்ணு எடுத்தாந்து போன வருசம் பீடம் போட்டோம்லா. கூப்புட்டதுக்கு முட்டு வலின்னு சொல்லிட்டிய."

ஊர்க் கோயிலில் இருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து எங்கே வைத்துப் பீடம் போட்டாலும் அங்கே வந்து உட்காருவது அதே மாடன்தான். இது எனக்குத் தெரியாததல்ல. விக்ரோலியில் கோயில் கட்டுகிறார்கள் என்று சொல்லி அவள் கூப்பிட்டபோது, எந்தச் சாமி என்றுகூடக் கேட்காமல் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் நான். அம்மன் கோயிலாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருப்பதாக நான் நினைத்த சாமி, என் சேவலுக்கு அடுத்த சந்தில் உட்கார்ந்திருந்தார்.

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். மும்பையில் ராத்திரி ஸ்பீக்கர் போட விடமாட்டார்கள், அதனால் பலியும் மதியக் கொடையிலேயே முடிந்துவிடும் என்றாள். அப்போது மணி பத்து தாண்டியிருந்தது. போனை வைத்த உடனேயே மறுபடி கூப்பிட்டேன். எடுத்தவர் யாரென்று தெரியவில்லை, நையாண்டி மேளம் மட்டும் காதைக் கிழித்தது. மகனிடம் போய் நின்றேன். நேர்ந்ததைக் கொடுக்கிறார்கள், நல்லதுதானே என்றான். அவனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடைக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

செம்பூரில் ரயில் ஏறிக் குர்லாவில் மாற வேண்டும். குர்லாப் பாலத்தின் படிகளில் எப்படி ஏறினேன், எப்படி இறங்கினேன் என்று இன்று சொல்லத் தெரியாது. லேடீஸ் டப்பாவில் ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்து, தண்ணீர் பாட்டிலையும் நீட்டினாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

பயம் ஒன்றாக இருந்தால் தாங்கிவிடலாம். எனக்கு இரண்டு இருந்தன. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, நேர்த்தி முடிந்தது என்று எனக்கு விபூதியும் தருவார்கள். அவன் கழுத்து மட்டும் போகும். வாயைத் திறந்தால் அவன் கழுத்து தப்பலாம். ஆனால் மாடன் பேரைச் சொல்லிப் பொய் பேசியதை அவர் பீடத்தின் முன்னால் நின்றே ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் சும்மா விடுகிற சாமி இல்லை. அதிலும் பேத்தியின் காய்ச்சலை நான் எதற்காக இழுத்தேன்? என் முட்டியைச் சொல்லியிருக்கலாம், என் பல்லைச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும், இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். காட்கோபரில் எழுந்தே நின்றுவிட்டேன். கூட்டம் என்னைத் திரும்ப உட்காரவைத்தது.

கோயில், தகர வீடுகளுக்கு நடுவில் ஒரு திறந்த இடம். வெள்ளையடித்த பீடம், அதற்கு மாலை. பந்தலுக்கு ஓரமாக ஒரு கயிற்றில் வரிசையாகச் சேவல்களைக் கட்டியிருந்தார்கள். ஐந்தாவதாக நின்றான். நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் போட்டான், தீனி கிண்ணத்தோடு நான் வரும்போது போடுகிற சத்தம்.

முதல் சேவலைத் தூக்கி வந்தார்கள். எங்கள் வழக்கத்தில் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமிக்குச் சம்மதம். உதறாமல் நின்றால் காத்திருப்பார்கள். அந்தச் சேவல் வெகுநேரம் கல்லாக நின்று, பிறகு உதறியது. குலவை போட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

என் ஆள் காத்திருக்க வைக்கிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும். கொடியில் காயப்போட்ட துணியில் இருந்து ஒரு சொட்டு விழுந்தாலே மூன்று தடவை உதறுவான். தெளித்த மறுநொடியே சம்மதம் சொல்லிவிடுவான், பைத்தியக்காரன்.

இரண்டு, மூன்று, நான்கு. அவன் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்கள். நான் போய்க் குறுக்கே விழுந்து அவனை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

"இத நான் நேரல" என்றேன். "பொய் சொன்னேன். யாரும் கொழம்பு வச்சிரக் கூடாதுன்னு துணியக் கெட்டுனேன்."

மேளம் ஒவ்வொன்றாக நின்றது. யாரோ என்னைத் தூக்கப் பார்த்தார்கள், யாரோ சாமி குற்றம் என்றார்கள். நாத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கோட்டி பிடித்துப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் என் முன்னால் உட்கார்ந்து, மெதுவாகத்தான் பேசினாள்.

"ஏன் மைனி, எங்க வீட்டுக்குக் குடுத்துட்டு, எங்களையே நம்பாம சாமியக் காவலுக்கு வச்சியளாக்கும்?"

எந்தக் கேலிக்கும் எதிர்க்கேலி வைத்திருப்பவள் நான். அப்போது சேவலின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

சாமியாடி வயதானவர். மற்ற நாட்களில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். அருவாளைப் பீடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, மூச்சு வாங்க என்னையும் சேவலையும் பார்த்தார்.

"பேரச் சொல்லித் துணி கெட்டியாச்சுல்லா தாயி. இனிம இது ஒஞ் சேவல் இல்ல, வீட்டுக்குக் கொண்டுபோவ முடியாது" என்றார்.

"அறுத்துராதிய."

"அறுக்கல. உயிரோட விட்டுட்டுப் போ. அவரு எடத்துல கெடக்கட்டும்."

"பொய் சொன்னதுக்கு?"

"அத நான் எப்படிச் சொல்ல? அவருகிட்ட நீயே பேசிக்கோ."

அவர் திரும்பி அருவாளை எடுத்துக்கொண்டார், மேளம் மறுபடி தொடங்கியது, ஆறாவது சேவலைக் கொண்டுபோனார்கள். நான் அவன் காலில் இருந்த கயிற்றை அவிழ்த்தேன். மஞ்சள் துணியைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் என் மடியில் இருந்து இறங்கி, உடம்பை உதறிக்கொண்டு, பீடத்துக்குப் பின்னால் சிந்திக் கிடந்த அரிசியைக் கொத்தப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன், அப்புறம் மாடனும் நானும் என்ன ஆகியிருப்போமோ.

பீடத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டேன். பேச வேண்டியதைப் பேசினேன். என்ன கொடுப்பதானாலும் எனக்குக் கொடு, அந்தப் பிள்ளை பக்கம் திரும்பாதே என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சாமி கேட்டாரா என்பது மேளச் சத்தத்தில் எனக்குத் தெரியவில்லை.

அன்றில் இருந்து பேத்தி தும்மினாலே நான் எழுந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறது. "ஆச்சி, எனக்கு ஒண்ணுமில்ல, குச் நஹீ" என்று கையைத் தட்டிவிடுகிறாள். மகன் ரயிலில் இருந்து இறங்கி போன் செய்யும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. சாமி கணக்கை எப்போது எடுப்பார் என்று யாருக்குத் தெரியும்?

சேவலுக்கு இப்போது நாத்தனார்தான் தினமும் தீனி வைக்கிறாள். கோயில் சேவலுக்கு வைப்பது எல்லோருக்கும் பொதுவான வேலை என்றாலும் மற்றவர்களை அவள் விடுவதில்லை என்று கேள்வி. அவளுடைய மூன்று பையன்களும் அவனைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காலையில் அவன் கூவுகிற நேரம் கழிந்ததும் நான் அவளுக்குப் போன் செய்வேன். என்னோடு அவளுக்குப் பேச்சு இன்னும் சரியாகவில்லை. நான் ஒன்றும் கேட்பதற்குள், "இன்னும் திங்கல மைனி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். மூன்றே வார்த்தை. அதைக் கேட்ட பிறகுதான் டீயை அடுப்பில் வைப்பேன்.

நேற்று மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. அங்கே நாய்கள் உண்டு, லாரி வருகிற ரோடு உண்டு. இரண்டாம் முறை கூப்பிட்டபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி மணியில் எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"ஒங்க மாப்ள கூர மேல ஏறிட்டாரு மைனி. எறங்க மாட்டேங்காரு. நீங்க வந்து கூப்புட்டாத்தான் எறங்குவாரு போல."

கொடைக்குப் பிறகு வாருங்கள் என்று அவள் என்னைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. நான் முட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவன் அதற்குள் கீழே விழுந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே செருப்பைத் தேடினேன்.