நேரே போகிற விமானம்

மகளுக்குத் தலைப்பிரசவம். அவள் இருப்பது இங்கிலாந்தில். வேலையை விட்டுவிட்டு வர முடியாது, இங்கேயே பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. அவள் வராவிட்டால் நான் போக வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து யோசித்து, என் ஓரகத்தியை அனுப்புவதாக முடிவு செய்துவிட்டார்கள்.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தனாரின் மனைவி. துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போய் வந்தவள். எனக்கோ இங்கிலீஷில் என் பேரை எழுதத் தெரியும், அதோடு சரி. இங்கிலாந்து போகிறவர்கள் நடுவில் ஏதாவது அரபு நாட்டில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டுமாம். அங்கே நான் வழி தெரியாமல் நின்றுவிடுவேனாம். அருப்புக்கோட்டை பஜாரில் எங்கள் பாத்திரக்கடையில் உட்கார்ந்து, ஓட்டைக் குடத்தை நம் தலையில் கட்டப் பார்த்த மொத்த வியாபாரியை லோடோடு திருப்பி அனுப்பியவள் நான். என்னைப் பார்த்து இந்தப் பேச்சு.

"மதினி, கோவிச்சுக்காதீக. அந்த ஏர்போர்ட்டு நம்ம டவுனு அம்புட்டுப் பெருசு. மாறி ஏறுறதுக்குள்ள உங்களுக்குக் கிறுகிறுன்னு வந்துரும்" என்றார் கொழுந்தனார்.

"நரிக்குடியிலருந்து பஸ்ஸு மாறி மாறி வாக்கப்பட்டு வந்தவளுக்கு மாறி ஏறத் தெரியாதாக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், முடிவு மட்டும் மாறவில்லை. என் மகள் வலியில் அம்மா என்று கத்தும்போது பக்கத்தில் இன்னொருத்தி நிற்பாள் என்பதை என்னால் பொறுக்கவே முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் எங்கள் வீட்டுக்காரர் கடையில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படித்தார். மலிவு டிக்கெட் விமானக் கம்பெனி ஒன்று, பக்கத்து ஊர்களுக்கு விட்டது போதாதென்று, பெரிய விமானம் எடுத்து மும்பையிலிருந்து இங்கிலாந்துக்கு விட யோசிக்கிறதாம்.

"நேரேயா? நடுவுல எறங்க வேண்டாமா?"

"நேரேதான். ஆனா யோசிக்காகன்னுதான் போட்டுருக்கு."

"யோசிச்சா விட்டுருவாக" என்றேன்.

கொழுந்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தண்ணிக்கே காசு கேக்குற கம்பெனி மதினி. பாதி வழியில எறங்கித் தள்ளச் சொல்லுவாக" என்றார்.

நான் பிடித்த பிடியில் நின்றேன். காலையில் கடை திறந்ததும் அந்தச் செய்தி வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். ஒரு நாள் வரும் என்று போட்டிருக்கும். இன்னொரு நாள் அவ்வளவு தூரம் மலிவாக ஓட்டிக் கட்டுப்படியாகுமா என்று பெரிய மனிதர் யாராவது சந்தேகப்பட்டிருப்பார். அதற்குள் ஓரகத்தி மதுரைக்குப் போய் ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு வந்து காட்டினாள். நல்ல நிறம் என்று சொன்னேன். வயிறு எரிந்தது.

மகளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது அவளே போன் பண்ணினாள். "அம்மா, நேரா விமானம் விடுறாங்க. டிக்கெட் போடுறேன், வாரியா?"

கடையில் இருந்த வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, "வாரேன்" என்றேன்.

மருமகன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். எனக்கு நடக்க முடியாது என்று சொல்லிச் சக்கர நாற்காலி பதிந்துவிடுவாராம். ஆட்களே உட்கார வைத்துத் தள்ளி, வெளிவாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம். இங்கிலீஷ் தெரியாத அப்பா அம்மாக்களை எல்லோரும் இப்படித்தான் வரவழைக்கிறார்களாம். அப்போதுதான் ஓரகத்தி துபாய் போன லட்சணமும் வெளியே வந்தது. கல்லுக்குண்டாட்டம் இருக்கிறவள், போக வர நாற்காலியில்தான் போயிருக்கிறாள். நான் டிக்கெட் கைக்கு வரட்டும் என்று சரி சரி என்றேன்.

மும்பை வரை வீட்டுக்காரர் கூட வந்து ஏற்றிவிட்டார். நாற்காலியோடு ஓர் ஆள் வந்து நின்றார். என் பையை அதில் உட்கார வைத்துவிட்டு நான் பக்கத்தில் நடந்தேன். அவர் இந்தியில் ஏதோ சொன்னார். நான் தமிழில் பதில் சொன்னேன்.

விமானத்துக்குள் ஏறியதும் பழக்கதோஷம், ஜன்னலோரம் ஒரு சீட்டில் துண்டைப் போட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் துண்டு விழுந்த சீட்டுக்கு வேறு யாரும் வர மாட்டார்கள். இங்கே ஒருவர் வந்தார். பணிப்பெண் என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, நடுவில் இருந்த ஓர் இருக்கையின் எண்ணைத் தொட்டுக் காட்டினாள். முதலில் சண்டைக்குத்தான் வாய் எடுத்தேன். பிறகுதான் உறைத்தது, நான் வருவதற்கு முன்பே எனக்கென்று ஓர் இடத்தை வைத்திருக்கிறார்கள். ஓடாமல், இடிபடாமல் எனக்கு ஓர் இடம் கிடைத்தது அன்றைக்குத்தான். போய் ஜம்மென்று உட்கார்ந்தேன். எல்லோரும் காசு கொடுத்துச் சாப்பாடு வாங்கியபோது நான் புளிச்சோற்றைப் பிரித்தேன். ஜன்னல்காரரே வாசனை பிடித்து ஒரு கை வாங்கிச் சாப்பிட்டார்.

இறங்கியபோது அங்கேயும் ஒரு நாற்காலி நின்றது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தேன். கூட வந்த கூட்டம் போகிற பக்கம்தானே வாசல் இருக்கும். பாஸ்போர்ட் பார்க்கிற அதிகாரி என்னவோ கேட்டார். "டாட்டர், பேபி" என்று சொல்லி, கையால் வயிறு மாதிரி காட்டினேன். மகள் முன்பே எழுதி அனுப்பியிருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்து விட்டுவிட்டார்.

வெளியே கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மகள் நின்றாள். நிறை வயிறு, முகம் வீங்கி, வெளுத்துப் போயிருந்தாள். வரிசையாக வந்த சக்கர நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நாற்காலியும் போன பிறகு அவள் முகம் அழப் போவது மாதிரி ஆகிவிட்டது. நான் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு அவளுக்கு நேர் எதிரே போய் நின்றேன்.

"கீழ என்ன தேடுற? நிமிந்து பாரு, நடந்து வந்துருக்கேன்" என்றேன்.