ரூபி டீச்சர் சொன்ன மருந்து

அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு ரூபி சத்துமாவு பிசைந்துகொண்டிருந்தபோது, உதவியாளர் சுந்தரம்மாள் கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் ரூபியே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கட்டியிருந்த நீலச் சேலை, பின்னால் சுவரில் மகள் பிரிஸ்கில்லாவின் படம். குறுக்கே சிவப்பு எழுத்து: "மருந்து கொடுத்தேன்! வெள்ளி மங்கையின் தாய் பகீர்."

"என்ன டீச்சர், பகீர்னு போட்ருக்கான்? நீங்க நல்லாத்தானே பேசுறீக," என்றாள் சுந்தரம்மாள்.

ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் ரூபியை டீச்சர் என்றுதான் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் சேர்ந்த வேலை. சாப்பிட மறுக்கும் பிள்ளையைச் சாப்பிட வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. காக்காய் காட்டுவாள், கோபித்துக்கொள்வாள், பக்கத்துப் பிள்ளைக்கு ஊட்டிவிடப் போவதாக மிரட்டுவாள். கடைசியில் கிண்ணம் காலியாகிவிடும். அவள் பெற்றதோ எடை குறைந்து பிறந்த பிள்ளை. அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, மும்முறைத் தாண்டுதலில் நாட்டுக்காகப் போய், போன வாரம் வெளிநாட்டில் வெள்ளி வாங்கிக்கொண்டு பெங்களூர் முகாமுக்குத் திரும்பியிருந்தது.

பதக்கம் வாங்கிய மறுநாளிலிருந்தே வீட்டுக்குக் கேமராக்காரர்கள் வந்தார்கள். பட்ட கஷ்டத்தைச் சொல்லுங்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். ஓட்டை உடைசல் ஏதாவது தென்படுமா என்று ஒருவர் கொல்லை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திண்டுக்கல்லில் யூடியூப் சேனல் நடத்தும் டோனி மட்டும் வேறு மாதிரி கேட்டான்: "இம்புட்டுத் தூரம் தாண்டுதே பிள்ள, என்னம்மா ரகசியம்?"

அந்தக் கேள்வி ரூபிக்குப் பிடித்துப்போயிற்று. "எல்லாம் நான் குடுக்குற மருந்துதான் தம்பி. வயசுக்கு வந்ததுலேருந்து குடுக்குறேன். முகாமுக்கும் அனுப்பிவிடுவேன். அது உள்ள போகாம எம்பொண்ணு தாண்டவே மாட்டா."

அவள் சொன்னது சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் வறுத்து இடித்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டி உருட்டுகிற மருந்தை. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் "மருந்து சாப்டியா ஆத்தா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஊரில் மருந்து என்றால் அது. மாத்திரைக்கு மாத்திரை என்று தனிப்பெயர் இருக்கிறது. விளையாட்டுச் செய்தியில் அதே சொல்லுக்கு முன்னால் 'ஊக்க' என்று ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று ரூபி யோசிக்கவில்லை. டோனி யோசித்திருந்தான்.

வீட்டுக்கு ஓடி வந்தாள். நிலக்கோட்டைச் சந்தையில் பூவைப் போட்டுவிட்டு வந்த புருஷன் ராயப்பராஜ், சட்டையைக்கூடக் கழற்றாமல், வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தவற்றை மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

"பதக்கத்தப் புடுங்குங்கங்கிறான் ஒருத்தன். ஆத்தாளையும் மகளையும் சேத்து உள்ள தள்ளணுமாம், இது இன்னொருத்தன். இந்தா இவன் பாரு, 'அம்மா, அந்த மருந்து எங்க கிடைக்கும், என் பையன் பத்தாவது படிக்கிறான்'ங்கிறான்."

"வாசிக்காதீங்க."

"பேசுனது நீ. வாசிக்கிறது என் குத்தமாக்கும்."

மகளுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. பயிற்சி நேரமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் மறுபடியும் போட்டாள். சுக்கும் மிளகும் யாரை என்ன செய்யும்? விளக்கம் சொன்னால் தீர்ந்தது. அப்படி மனசைத் தேற்றிக்கொண்டு நிமிர்ந்தவளுக்கு அலமாரியில் இருந்த பாக்கெட் கண்ணில் பட்டது.

போன வருஷக் கடைசியில் தோள்பட்டை பிடித்துக்கொண்டதால் அவள் இடிக்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் பொடியாகவே வாங்கிவிட்டாள். பின்பக்கம் திருப்பினாள். சுக்கு, மிளகு, திப்பிலி, அமுக்கரா, 'மற்றும் பல அரிய மூலிகைகள்'. வாங்கிய அன்றும் அதை வாசித்திருக்கிறாள். அன்றைக்கு, நம் மருந்தைவிடச் சேர்மானம் அதிகம் என்று சந்தோஷமாக இருந்தது.

அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திண்டுக்கல் போனாள். கடைக்கார இஷாக் பாய் இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டார். "வாங்க டீச்சர்! பொண்ணு கலக்கிருச்சே!"

"பாய், இதுல மற்றும் பலன்னு போட்ருக்கே, அது என்ன?"

"பலன்னா… பலதான்."

"விளையாடாதீக பாய்."

"எனக்குப் பாக்கெட்டா வருது, நான் பாக்கெட்டா விக்கிறேன். கேட்டா தொழில் ரகசியம்பான். ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாதும்மா. எம் மருமகளே சாப்பிடுது."

"உங்க மருமக தாண்டுதா?"

பாய் கையை நீட்டிப் பாக்கெட்டை வாங்கினார். அதில் இருந்த எண்ணுக்கு அவரே போன் போட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பஸ் நிலையத்தில் நிற்கும்போது பிரிஸ்கில்லா கூப்பிட்டாள். குரல் அமைதியாக இருந்தது.

"அம்மா, பாத்தேன். நீ அழாத. நீ அனுப்புன எதையும் நான் இங்க சாப்பிடல."

"எதையுமா?"

"எதையுமே. வெளிய இருந்து வாரதத் தொடக் கூடாதும்மா. ஒடம்புக்குள்ள எது கிடந்தாலும் நான்தான் பொறுப்பு. பெத்தவ குடுத்தான்னு சொன்னா விட மாட்டாக. நாலு வருஷம் ஒதுக்கி வச்சிருவாக."

"தீந்துபோச்சு, அனுப்புன்னு கேப்பியேடி?"

"நீ கேட்டதுக்காகச் சொன்னேன். வாட்ச்மேன் பொண்டாட்டிக்குப் பிள்ள பெறந்துச்சு. அதுக்குக் குடுத்துட்டேன்."

ரூபிக்கு உயிர் வந்தது. வந்த உயிரோடு கொஞ்சம் வலியும் வந்தது. இத்தனை நாள் இடித்ததெல்லாம் யாரோ வாட்ச்மேன் பெண்டாட்டிக்கு. பரவாயில்லை என்று மூச்சு விடப்போனவள் அப்படியே நின்றாள்.

"பிரிஸ்கி… கிறிஸ்மஸுக்கு வந்தப்ப உருண்ட புடிச்சு உன் வாயில போட்டேனே?"

பழனி வண்டிக்கு ஆள் கூப்பிடும் சத்தம் காதை அடைத்தது.

"அது நீ இடிச்சதுதானே?" என்றாள் மகள் கடைசியில்.

"இல்ல. வாங்குனது."

"சரி. பாக்கெட்டத் தூரப் போட்றாத. மிச்சத்தோட இங்க அனுப்பு. போட்டியில எடுத்த சாம்பிளுக்கே இன்னும் ரிசல்ட் வரல. இன்னைக்குக் காலைல மறுபடி வந்து ரத்தமும் எடுத்துட்டுப் போயிருக்காக. நான் டாக்டர்ட்ட உள்ளதச் சொல்லிர்றேன்."

"சொல்லாதடி. சாப்பிடலன்னு சொல்லிரு."

"அம்மா, போன வை."

வீட்டில் ராயப்பராஜும் மறைக்கத்தான் சொன்னார். "அடுப்புல போடு. யாரு பாக்கப் போறா?" அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ரூபி பாக்கெட்டின் வாயை மடித்து, டேப் சுற்றி, கூரியரில் போட்டுவிட்டு வந்தாள். போட்டது தப்போ என்று வழியெல்லாம் தோன்றியது.

அன்று மாலையே டோனி அழைத்தான். "ஒரு விளக்கம் குடுத்துருங்கம்மா. எம்பொண்ணு அதச் சாப்பிட்டதே இல்லன்னு ஒரே வார்த்தை. நானே போட்டுவிடுறேன்."

அந்த ஒரே வார்த்தையைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. "உங்கிட்டப் பேசுனது போதும் தம்பி," என்று வைத்துவிட்டாள். சொல்ல மறுத்தார் என்று அதையும் ஒரு வீடியோவாகப் போட்டான்.

முடிவு வர வாரக்கணக்காகும் என்றார்கள். ரூபிக்குச் சோறு இறங்கவில்லை. "இந்த வருஷம் உனக்குத் தவக்காலம் முன்னாடியே வந்துருச்சு," என்றார் ராயப்பராஜ். அவரும் கொறித்துவிட்டுத்தான் எழுந்தார். அங்கன்வாடியில் சத்துமாவுப் பையைப் பிரிக்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தாள். "கெட்டுப்போச்சா டீச்சர்?" என்று பிள்ளையைக் கூட்டி வந்த ஒருத்தி கேட்டாள். இல்லை என்று சொல்வதற்கும் பயமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மகளின் குரல் வந்தது. "அம்மா, ரெண்டு சாம்பிள்லயும் ஒண்ணும் இல்லையாம்." ராயப்பராஜ் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். இதைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை. பழைய வீடியோ இருந்த இடத்திலேயே இருந்தது.

ஈஸ்டருக்குப் பிரிஸ்கில்லா வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே சளி பிடித்துக்கொண்டது. உள்ளறையில் அவள் இருமுவது அடுப்படி வரைக்கும் கேட்டது. ரூபியின் கை மிளகு டப்பாவுக்குப் போய்த் திரும்பியது. துளசி? மஞ்சள் போட்ட பால்? மஞ்சள் கடையில் வாங்கிய தூள். பிள்ளை மறுபடி இருமியது. கடைசியில் ஒரு சொம்பில் தண்ணீரைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

"என்னம்மா அது?"

"வெந்நி. வெறும் வெந்நிதான்."

மகள் சொம்பை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். "பைப்புத் தண்ணியா, கேன் தண்ணியா?"

கேலி செய்கிறாள் என்று புரிய ரூபிக்குச் செத்த நேரம் ஆயிற்று. அதற்குள், "பைப்புத் தண்ணிதான்… ஏன், கேன் வாங்கியாரச் சொல்லவா?" என்று பதறிப்போய்க் கேட்டுவிட்டாள்.