கூடையின் அடியில் கிடப்பது

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். கதை எழுத யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மீன் வாங்கி விற்கத்தான். கடலூர் துறைமுகத்தில் ஏலத்துக்கு வைத்த கூடையில் மேலே கிடக்கும் சங்கரா மீன் பளபளவென்று இருக்கும். அதை நான் பார்ப்பதே இல்லை. கையை அடிவரைக்கும் விட்டு ஒன்றை உருவி, செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். நேற்றைய ஐஸ் மீன் அங்கேதான் இருக்கும்.

சிதம்பரத்தில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் சார் ஒருவர், நான் எழுதி அனுப்பிய ஒரு கதையைத் தொகுப்பில் போடுவதாகப் போன் செய்தார்.

"பிரமாதம்மா. ஒரு எழுத்தக்கூட மாத்த வேணாம்."

துறையில் இப்படிப் பேசுகிறவனிடம் நான் மீன் வாங்கியதில்லை. பக்கத்தில் கூடை வைத்திருப்பவளிடம் மட்டும் சொன்னேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"அவரு பேருல போட்டுக்கப் போறாரு பாருக்கா. இல்லாட்டி படிச்சவங்க பேசற மாதிரி மாத்திடுவாரு. உன் கதையில வர்ற மீன்காரி காபி குடிச்சிக்கினு கவிதை சொல்லுவா."

"போடி" என்றேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இந்த வயசில் முதல் தடவையாக என் பேர் அச்சில் வரப்போகிறது. இன்னொரு தடவை யார் கேட்பார்கள்? மறுநாள் வியாபாரத்தை அவளிடம் விட்டுவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

வாயைத் திறப்பதற்குள் சார் கொடுத்த டீ ஆறிவிட்டது.

"அச்சுக்குப் போறத ஒரு வாட்டி பாத்துக்கறேன் சார்."

"பாருங்கம்மா. அஞ்சு மணிக்கு பிரஸ்ஸுக்குப் போவுது."

தாள்கட்டைத் திருப்பிப் போட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"என்னம்மா, பின்னாலேர்ந்து படிக்கிறீங்க?"

"எனக்கு அப்படித்தான் சார் பழக்கம்."

அவர் எதையும் மாற்றவில்லை. என் பேரும் சரியாகவே இருந்தது. கெட்டுப்போனதை வைத்தது நான்தான். புருஷன் ஓடிப்போன மறுநாள், என் மீன்காரி விடியற்காலையில் கடலைப் பார்த்து ஒரு பக்கம் முழுக்க அழுகிறாள். நாற்பது வருஷமாக அந்தக் கரையில் நிற்கிறேன். ஒரு நாளும் கடலைப் பார்த்து அழுததில்லை. அந்நேரம் ஏலம் ஓடிக்கொண்டிருக்கும். படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும் என்று வைத்த அழுகை அது.

"சார், இந்தப் பக்கம் வேணாம்."

"அதுதாம்மா எனக்கு ரொம்பப் புடிச்ச எடம். எடுத்தா முடிவே இல்லாமப் போயிடும். வேணும்னா அடுத்த தொகுப்புல பாத்துக்கலாமா?"

அடுத்த தொகுப்பு. 'நாளைக்குத் தர்றேன்' என்கிறவனை எனக்குத் தெரியாதா? தலையைக் குனிந்தபடியே பேனா கேட்டேன்.

வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். என் மீன்காரி ஏலத்துக்குப் போகிறாள். புருஷனுக்குப் பிடித்த கானாங்கெளுத்தி ஒன்றை எடுத்து வயிற்றை அமுக்கிப் பார்க்கிறாள். பழசு என்று திரும்பப் போட்டுவிட்டு அடுத்த கூடைக்கு நகர்கிறாள். அவ்வளவுதான்.

சார் இரண்டு தடவை படித்தார்.

"அழவே மாட்டாளா?"

"வீட்டுக்குப் போயி அழுவா சார். அது நமக்கு எதுக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே பழைய பக்கத்தை உருவிவிட்டு, புதியதை உள்ளே வைத்தார். நல்ல மனுஷன்தான். இருந்தாலும் பிரஸ்ஸுக்கு அவர் வண்டியை எடுத்தபோது நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.