கறுத்த கண்ணாடிக்குள் அக்காவின் குரல்

"நீதான் படிச்சவளாச்சே கொழுந்தியா, இந்தக் கண்ணாடிய ஒட்டவச்சுக் காட்டு பாப்போம்."

அக்காவின் புருஷன் இதைச் சொன்னபோது அவன் கையில் அம்மிக் குழவி இருந்தது. காலடியில் என் போன் கிடந்தது.

திருப்பரங்குன்றத்தில் அவர்கள் வீட்டு அடுப்படி அது. அக்காவின் கூந்தலைக் கையில் சுருட்டிப் பிடித்து, அவள் முகத்தைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்று வீடியோ எடுத்தேன். ஓடிப்போய் விலக்கியிருக்கலாமே என்று கேட்பார்கள். முன்பெல்லாம் விலக்கத்தான் போனேன். எனக்கும் சேர்த்து விழுந்தது. பிறகு அவன் ஊரில், "படிக்கட்டுல வழுக்கி விழுந்துட்டா" என்றான். ஊரும் நம்பியது, அல்லது நம்பியதுபோல் இருந்தது. அதனால்தான் இந்த முறை எடுத்தேன்.

எடுத்து நிறுத்திய நொடியில் அவன் திரும்பினான். அவன் விட்ட அறையில் என் காது அடைத்துக்கொண்டது. போனைப் பிடுங்கித் தரையில் வீசிக் குழவியால் ஒரே போடு. அக்கா அதன் மேல் பாய்ந்து பொறுக்கினாள். கண்ணாடிச் சில்லு அவள் உள்ளங்கையைக் கிழித்தது. ரத்தம் சொட்டச் சொட்ட அவளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தேன். ஆட்டோ பிடித்து, பஸ் மாறி, மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

அம்மா அக்காவின் கைக்குக் கட்டுப் போட்டாள். அதற்குள் அவன் அம்மாவுக்குப் போன் செய்துவிட்டிருந்தான்.

"நாளைக்குச் சாயங்காலம் மாப்ள அவுக பெரியப்பாவோட வாராகளாம். பேசி முடிச்சு அனுப்பி விட்ருவோம்டி. வாழப்போன புள்ளைய இங்கன வச்சுக்கிட்டு என்ன பண்ண?"

"அடிச்சுக் கொல்லப் பாத்தான்மா."

"அவருதான் விழுந்துட்டான்னு சொல்றாரே."

அக்கா வீங்கிய வாயை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். அந்த வீடியோவைக் காட்டாவிட்டால் மறுநாள் இருட்டுவதற்குள் அவள் மறுபடி அந்த அடுப்படியில் நிற்பாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போன் சாகவில்லை. காலையில் வழக்கம்போல் அலாரம் அடித்தது. கறுப்பாகக் கிடந்த கண்ணாடி தரையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. உள்ளே எல்லாம் இருக்கிறது. ஆனால் திரையில் புள்ளிகளை இணைத்துக் கோலம் போட்டுப் பூட்டைத் திறந்தால்தான் எதையும் வெளியே எடுக்க முடியும், தொடுவதற்குத் திரை வேண்டும். மேலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போன் கடை வைத்திருப்பவன் அக்கா புருஷனுடைய சேக்காளி. "மாப்ள" என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். அவன் கையில் கொடுப்பதும் குழவியிடம் கொடுப்பதும் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்தவள் நான்தான். இயற்பியலில் பட்டம் வாங்கியிருக்கிறேன். போனைத் திறக்க அதில் யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் தெரியாததைப் படித்துக் கற்றுக்கொள்ளலாம் என்பது எனக்குப் பழகிவிட்டது. முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போய் டவுன் ஹால் ரோட்டில் அந்த மாடலுக்கான டிஸ்பிளேயும் சிறிய திருப்புளிகளும் வாங்கினேன். பிரிக்கும் முறையை, கையோடு கொண்டுபோன என் ஆபீஸ் லேப்டாப்பில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு மத்தியானத்துக்குள் திரும்பினேன்.

ஓரத்தில் இருக்கும் பசையைச் சூடு காட்டி இளக்க வேண்டும். அதற்கான கருவி என்னிடம் இல்லை. அம்மா இரும்புச் சட்டியில் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து அக்காவின் கன்னத்தில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, அந்த மூட்டைய இங்க குடு."

அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "ஏன், அதுக்கும் மூஞ்சி வீங்கிருச்சா?"

அந்த வீட்டில் அன்று சிரித்தது அவள் மட்டும்தான். சிரித்ததும் உதடு பிளந்து மறுபடி ரத்தம் வந்தது.

உப்பு மூட்டையை வைத்து வைத்து எடுத்து, பிளாஸ்டிக் தகட்டை இடுக்கில் நுழைத்து நெம்பினேன். பின்மூடி சடசடவென்று விட்டது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு உடைந்த திரையைக் கிளப்பியபோது ஒரு சில்லு என் நகத்துக்குள் ஏறியது. வலி மண்டைக்கு வந்தது. அவன் கழுத்து என் கையில் கிடைத்திருந்தால் அந்த நிமிடம் நெரித்திருப்பேன். கிடைத்தது திரைதான். அதை இரண்டாக முறித்துப் போட்டேன்.

புதியதை மாட்டினேன். எரியவில்லை. மறுபடி மாட்டினேன். கறுப்பு.

உற்றுப் பார்த்தால், திரையின் நாடா வயர் வந்து செருகுகிற சிறு பற்களின் இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது.

"யம்மா, போன என்ன பண்ணுன?"

"ரத்தமா இருந்துச்சுல்ல, வீட்டுக்குள்ள ரத்தத்தோட எப்பிடி வைக்க? மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவி வச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில் திருப்புளியைச் சுவரில் எறிந்தேன். அக்காதான் தவழ்ந்துபோய் எடுத்து வந்து கொடுத்தாள். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷில் சானிடைசரை நனைத்து அந்த இடுக்கைத் தேய்த்தேன். காயவிட்டு மாட்டினேன். வெளிச்சம் வந்தது.

கோலம் போட்டுத் திறந்தேன். முதல் வேலையாக வீடியோவை லேப்டாப்பில் ஏற்றினேன். பிறகு சத்தத்தைக் கூட்டி வைத்து ஓடவிட்டேன். சுவரில் தலை மோதும் சத்தம் முதலில் கேட்டது. அடுத்து அக்காவின் குரல்: "யம்மா... யம்மா..."

அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்து அக்காவைப் பார்த்தாள். அக்காவின் வாய் மூடியிருந்தது. குரல் போனில் இருந்து வந்தது. அம்மா முழுவதையும் பார்த்தாள். கையிலிருந்த கரண்டியால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். நான் பிடுங்கினேன்.

"இம்புட்டு அடியா? ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட விழுந்துட்டேன்னுதானடி சொன்ன?"

"நீ நம்புனியேம்மா" என்றாள் அக்கா.

சாயங்காலம் அவனும் அவன் பெரியப்பாவும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். காபி யாரும் கொடுக்கவில்லை. பெரியவர் தொண்டையைச் செருமியதும் நான் வீடியோவைப் போட்டேன். அவன் எழுந்து என் மேல் பாய்ந்தான். அம்மா குறுக்கே விழுந்து அவன் கையைக் கடித்தாள். அவன் உதறியதில் அம்மாவின் பல் ஒன்று தெறித்தது. அப்போதும் அவள் விடவில்லை.

பெரியவர் அவனை விலக்கி உட்கார வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "குடும்ப விஷயத்தப் படம் புடிச்சு வைப்பியா நீ? அத அழி. அழிச்சுட்டு அவளக் கெளப்பு. மத்தத நான் பேசிக்கிறேன்."

அவர் பேசியது வீடியோவைப் பற்றி. அக்கா பட்ட அடியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அக்கா எழுந்தாள். மாப்பிள்ளையோடு கிளம்புகிறாள் என்று நினைத்துப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அவள் அவரைத் தாண்டி வந்து வாசலில் நின்ற என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு வாசலை மறித்து நின்றாள், அவன் வெளியே வராதபடி.

மகளிர் காவல் நிலையத்தில் அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். வீடியோவை இரண்டு பேர் பார்த்தார்கள். நேரில் பார்த்த சாட்சி யார் என்று கேட்டார்கள். என் பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.