பொரி வாங்கும் வரிசை

எங்கள் மேனேஜர் தமிழில் கத்தினால் நான் பயப்பட மாட்டேன். ராஜபாளையத்து மில்லில் மற்ற எல்லோரும் அந்தச் சத்தத்துக்கு நடுங்கினார்கள். நான் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மனசில் ஏதாவது தைத்துவிட்டால் வாய் தன்னால் தெலுங்குக்குப் போய்விடும். கேட்டுக் கேட்டு எனக்கும் அது புரியும். தமிழில் வருவதெல்லாம் ஊருக்குக் காட்டுகிற கோபம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஆளாளுக்குச் சோதித்துப் பார்த்துக் கெடுத்துவிடுவார்கள்.

எண்பதுகளின் கடைசி அது. நூலைக் கோனில் சுற்றுகிற வைண்டிங் பகுதிக்கு நான் மேஸ்திரி. பொம்பளை மேஸ்திரியா என்று சிரித்தவர்களின் சிரிப்பு அடங்கியிருந்த சமயம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிற ஒருத்தி, மெல்லிய நூல் கோனையும் தடித்த நூல் கோனையும் ஒரே மூட்டையில் கலந்து கட்டிவிட்டாள். ஒன்றுக்கு நுனியில் சிவப்பு, இன்னொன்றுக்குப் பச்சை. பேச்சு சுவாரசியத்தில் நிறத்தைப் பார்க்கவில்லை, தப்பு அவள்மேல்தான். சரக்கு திரும்பி வந்தது. முதலாளி அத்தனை பேர் முன்னாலும் மேனேஜரை நிற்கவைத்துக் கேட்டார். முதலாளியின் கார் வாசலைத் தாண்டுமுன் மேனேஜர் அவளைப் பார்த்துக் கத்தினார்: "நாளையில இருந்து கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது!"

சுத்தத் தமிழ்.

பஸ்ஸில் அவள் தேம்பித் தேம்பி அழுதாள். புருஷன் படுக்கையில் கிடந்தார். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"யக்கா, அவிய கால்ல விழுந்துரட்டுமா?"

"விழுந்தா மனுசன் இன்னும் வெறைப்பாரு. ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்க மாட்டியா? செத்த நேரம் அழாம இரு ஏட்டி."

யூனியனில் பேசுவோம் என்றார்கள் கூட வேலை பார்த்தவர்கள். வேண்டாம் என்றேன். நாலு பேர் முன்னால் பட்ட அவமானத்தை இன்னும் நாலு பேர் கிளறினால் இறங்கி வருவாரா? எனக்கு அவர்மேல் எரிச்சலும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ரவுண்டு வரும்போதெல்லாம் அவளுடைய மெஷின் முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவார். புது ஆளும் போடவில்லை. மனசு இறங்கியாயிற்று, சொன்ன சொல்தான் தொண்டையில் நிற்கிறது என்று எனக்குப் பட்டது. அந்தச் சொல்லை அவர் திரும்ப வாங்காமலே அவள் உள்ளே வர வேண்டும். வரவைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மட்டும் வீட்டு ஆட்களும் மில்லுக்குள் வரலாம். பூஜை முடிந்ததும் தொழிலாளிகள் வரிசையில் நிற்க, மேனேஜர் தன் கையால் பொரிகடலைப் பொட்டலம் கொடுப்பார். அதை வாங்கினவர் மறுநாள் வந்து தன் மெஷினை ஓட்டியாக வேண்டும். ஓட்டாவிட்டால் மெஷினுக்கு ஆகாது என்பார்கள். மேனேஜரே அதை நம்புகிறவர்.

அவளை என் வீட்டு ஆளாகக் கூட்டிப் போனேன். வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். என் சாமர்த்தியம்தான் என்று மெச்சிக்கொண்டேன். வரிசையில் அவளை எனக்கு முன்னால் நிறுத்தினேன்.

மேனேஜரின் கை பொட்டல மூட்டைக்குள்ளேயே நின்றது.

"இவளை யாரு உள்ள விட்டது?"

தமிழ்தான். தைரியம் வந்தது. நான் குரலை உயர்த்தவில்லை. ஸ்பீக்கர் பாட்டுச் சத்தத்தில் அவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"நான்தான் கூட்டியாந்தேன் சார். அவளுக்கு இல்லேன்னா எனக்கும் வேண்டாம். நான் கைய நீட்ட மாட்டேன்."

அவர் வாயில் தமிழும் வரவில்லை, தெலுங்கும் வரவில்லை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஐயோ, என் பிழைப்பும் போச்சே என்று நினைத்தேன். ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றேன்.

அவள் நீட்டிய கையைப் பார்த்தார்.

"தீஸ்கோம்மா," என்றார்.

வாங்கிக்கொள்ளம்மா என்கிறார். அவளுக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் பொட்டலம் தெரிந்தது. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடுத்தது நான். என் பொட்டலத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, குனிந்து, தெலுங்கிலேயே மெதுவாகச் சொன்னார்: அவளை உள்ளே விடும்படி வாட்ச்மேனிடம் காலையிலேயே சொல்லிவைத்துவிட்டேன், நீதான் லேட்.